பூஜை அறையில் ஒரு பொறியாளர்

கூடலூர், கம்பம், சின்னமனூர் பக்கத்துச் சில வீடுகளில் சாமி படங்களுக்குப் பக்கத்தில், அடர்ந்த மீசையோடு ஒரு வெள்ளைக்காரரின் படமும் இருக்கும். தாத்தா படத்துக்கு வைப்பதுபோலவே அதற்கும் சந்தனப் பொட்டு வைத்திருப்பார்கள். பிள்ளைக்கு அவர் பெயரையே வைத்த குடும்பங்களும் உண்டு. தேனிப் பேருந்து நிலையத்துக்கு அவர் பெயர்தான். ஜனவரி 15 அவர் பிறந்த நாள்; தைப் பொங்கலை ஒட்டியே வருவதால் பாலார்பட்டி மாதிரி ஊர்களில் அவருக்கென்று தனியாகப் பொங்கல் வைக்கிறார்கள். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுவிக்கைத்தான் சொல்கிறேன். எங்கோ பிறந்த ஒருவரைத் தகப்பன் ஸ்தானத்திலும் பாட்டன் ஸ்தானத்திலும் வைத்துக் கொண்டாடுகிறது ஒரு பள்ளத்தாக்கு. அந்தப் பெரியவரை நாம் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறோமா என்பதை இன்று கொஞ்சம் யோசிக்கலாம்.

அவரைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது ஒரு கதை. பாதிக் கட்டுமானத்தில் வெள்ளம் வந்து எல்லாம் போயிற்று, அரசாங்கம் கையை விரித்துவிட்டது, உடனே அவர் சீமைக்குப் போய்ச் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்றுப் பணம் கொண்டுவந்து அணையை முடித்தார் என்பது அந்தக் கதை. வெள்ளம் வந்தது உண்மை. ஆற்றைத் தடுக்கப் போட்ட தற்காலிகத் தடுப்புகளைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனதும் உண்மை. நகையை விற்றார் என்பதற்கு மட்டும் ஆவணச் சான்று எதையும் யாரும் காட்டவில்லை. அணை கட்டப்பட்டது சென்னை மாகாண அரசின் பாசனத் திட்டமாகத்தான்; செலவு பொதுப்பணம். இந்த வேலையில் இருந்த பொறியாளர் மெக்கன்சி 1899-லேயே திட்டத்தின் முழு வரலாற்றையும் புத்தகமாக எழுதிவிட்டார். அந்தக் காலத்து வேலை எப்படி நடந்தது என்று அறிய நமக்கு வழி இருக்கிறது.

நகைக் கதையை விட்டுவிட்டால் அவர் சிறுத்துப்போவாரா? அப்படி எனக்குத் தோன்றவில்லை. பதிவில் உள்ள வாழ்க்கையைப் பாருங்கள். 1841-ல் புனேயில் பிறந்தவர். 1849 ஜனவரி 13-ஆம் தேதி, பஞ்சாபில் சிலியன்வாலா போரில் அவர் தகப்பனாரும் அண்ணனும் ஒரே நாளில் இறந்தார்கள். பையனுக்கு எட்டு வயது நிறைய இரண்டு நாள் பாக்கி. தகப்பனில்லாமல் வளர்ந்த அந்தப் பிள்ளை 1860-ல் ராணுவப் பொறியாளராக இந்தியாவுக்குத் திரும்பினார். மேற்கே ஓடிக் கடலில் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்புவது அவருக்கு முன்பே பலர் கண்ட கனவு. 1789-லேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆள் அனுப்பி இடம் பார்க்கச் சொன்னார். பணமில்லாமல் அது நின்றது. 1808-ல் ஆராய்ந்த ஜேம்ஸ் கால்டுவெல் இது நடக்காத காரியம் என்று எழுதினார். 1867-ல் மேஜர் ரைவ்ஸ் மண் அணைத் திட்டம் ஒன்று போட்டார். அதுவும் தாளோடு நின்றது. பிறகு தாது வருடப் பஞ்சம் வந்து லட்சக்கணக்கில் மக்கள் செத்த பிறகுதான் அரசாங்கத்துக்கு உறைத்தது. 1882-ல் பென்னிகுவிக்கிடம் திட்டத்தைத் திருத்தி எழுதும் பொறுப்பு வந்தது. 1886-ல் திருவிதாங்கூரோடு 999 வருடக் குத்தகை கையெழுத்தானது. மறு வருடம் வேலை ஆரம்பம்.

அந்த வேலை நடந்த இடத்தைக் கொஞ்சம் மனக்கண்ணில் பாருங்கள். யானைக்காடு. பாதை கிடையாது. சாமான்களை மலையடிவாரத்திலிருந்து கம்பிவடத்தில் தொங்கவிட்டு மேலே இழுத்து, அங்கிருந்து மாட்டுவண்டியிலும் படகிலும் அணைக்குக் கொண்டுபோக வேண்டும். சுட்ட செங்கலை இடித்துப் பொடியாக்கிச் சுண்ணாம்போடு அரைத்த சுர்க்கிக் கலவைதான் அணையின் வயிற்றுப்பகுதி. முன்னும் பின்னும் கருங்கல் கட்டு. ஒரு பக்கம் அணை எழும்ப, இன்னொரு பக்கம் தண்ணீரைத் தமிழ்நாட்டுப் பக்கம் கொண்டுவர மலையைக் குடைந்து ஒரு மைலுக்கு மேல் சுரங்கம் வெட்டினார்கள். மலேரியாவும் காலராவும் ஆட்களைக் கொண்டுபோயின. காய்ச்சல் பருவத்தில் வேலையையே நிறுத்த வேண்டியிருந்தது. நின்ற இடத்திலிருந்து மறுபடி, அடித்துக்கொண்டு போன இடத்திலிருந்து மறுபடி என்று எட்டு வருடம். 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் திறந்துவைத்தார். நகை விற்பதை ஒரே நாளில் செய்துவிடலாம். இதை அப்படிச் செய்ய முடியாது. சாகசம் என்றால் எனக்கு இந்த எட்டு வருடம்தான் சாகசம்.

ஜனங்கள் அன்பில் கட்டிய கதைதானே, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்கலாம். அந்த அன்பை நான் குறைத்துப் பேசவில்லை. தன் பெண்டாட்டி நகையை அடகுவைத்து நாற்று நட்ட சம்சாரிக்கு, தனக்குத் தண்ணீர் கொடுத்தவரும் அப்படித்தான் செய்திருப்பார் என்று தோன்றுவது இயல்பு. தன் வாழ்க்கையையே அவன் அவருக்குக் கொடுத்திருக்கிறான். ஆனாலும் அந்தக் கதைக்கு ஒரு விலை இருக்கிறது. அணை ஒரு தனவானின் கொடை என்று பிள்ளைகள் படித்தால், அதில் இருக்கும் கணக்கும், வரியாக வந்த குடியானவன் காசும், கல் சுமந்தவன் தோளும் கண்ணில் படாமலே போய்விடும். ராணுவத்தின் பயனியர் படையினரும், கொச்சியிலிருந்து வந்த தச்சர்களும், பேர் பதியாத கூலியாட்களும் சேர்ந்து கட்டிய அணை அது. அவர்களில் எத்தனையோ பேர் அந்தக் காட்டிலேயே அடங்கிப்போனார்கள்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் கேள்வி வரும். அவர் சம்பளம் வாங்கிய வெள்ளைக்கார அதிகாரி, அரசாங்கம் பார்த்தது வரி வருமானத்தை, அவருக்கு எதற்குப் பொங்கல் என்பார்கள். அரசாங்கத்தைப் பற்றி அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சம்பளம் வாங்கிய அதிகாரிகள் அதற்கு முன்னும் நிறையப் பேர் இருந்தார்கள்; நூறு வருடமாக அந்தத் திட்டம் கிடப்பில்தான் கிடந்தது. முடியும் என்று கணக்குப் போட்டுக் காட்டியதும், முடியும்வரை விடாமல் இருந்ததும் சம்பளத்தில் அடங்குகிற காரியமில்லை. இன்றைக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோகம் நெல் விளைவது அந்தத் தண்ணீரால். மிச்சம் வைகை வழியே மதுரைக்கும் அதற்குக் கிழக்கேயும் போகிறது. நன்றி சொல்ல இது போதாதா?

பென்னிகுவிக் 1911-ல் இங்கிலாந்தில் காலமானார். லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது, அவர் கடைசியாக வாழ்ந்த கேம்பர்லியிலும் தமிழ்நாடு அரசு சிலை வைத்திருக்கிறது. அவர் நினைவு பத்திரமாக இருக்கிறது. அவரோடு காட்டுக்குப் போன நம் பாட்டன், பூட்டன் நினைவுதான் வாய்ப்பேச்சாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. உங்கள் வீட்டில் அணை வேலைக்கோ, சுரங்க வேலைக்கோ, அதற்குப் பிறகு வாய்க்கால் வெட்டவோ போன பெரியவர் யாராவது இருந்ததாகச் சொல்லக் கேட்டிருந்தால், வயதானவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். பெயர், ஊர், செய்த வேலை, யார் சொன்னது என்பதோடு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள்.