கொடையில் நிபந்தனை

நிபந்தனையோடு கொடுப்பது கொடையாகுமா? பாரதியார் படைப்புகளின் உரிமையை 1949-இல் பெற்ற சென்னை அரசு, பின்னர் அவற்றைப் பொதுவுடைமையாக்கியது, எவரும் அச்சிடலாம். கணினி நிரல்களுக்குரிய எம்.ஐ.டி., பி.எஸ்.டி. உரிமங்களும் ஏறத்தாழ இவ்வழியினவே. உரிமக் குறிப்பை நீக்காதவரை, திருத்தியவர் தம் திருத்தத்தைப் பூட்டியும் விற்கலாம். அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன் 1989-இல் வெளியிட்ட ஜி.பி.எல். உரிமமோ, திருத்திப் பிறர்க்கு வழங்குவோர் மூலநிரலையும் அதே உரிமையுடன் வழங்கவேண்டும் என்கிறது. (விற்பனையை அது தடுக்கவில்லை, பலர் இதனை மறந்து பேசுகின்றனர்.)

பாட்டை அச்சிட்டால் எழுத்தெல்லாம் கண்முன் நிற்கும். நிரலோ தன் மூலத்தை மறைத்துக்கொண்டே பணிபுரியும். ஆதலின் ஜி.பி.எல். நிபந்தனையை நாம் கஞ்சத்தனமெனக் கொள்ளோம். இத்தீவுகளில் நம் பிள்ளையொருவன், தமிழெழுத்துச் சிதைந்து தோன்றும் நிரலைச் சீர்செய்ய விழைகிறான் என்க. முதலில் ஈந்தவர் பெருந்தன்மையாளரே. இடையில் வந்தவர் பூட்டிவிட்டால் பிள்ளைக்கு வெறுங்கையே மிச்சம்.