பரிசோதனைச் செலவை யார் சுமப்பது?

ஏழை நாடொன்று, பலன் தருமா தராதா என்று நிச்சயமில்லாத ஒரு காரியத்தில் பொதுப் பணத்தைச் செலவிடலாமா? விஞ்ஞான ஆய்வுக்கு, அதிலும் தலைநகரிலிருந்து தூரத்திலுள்ள பிரதேசங்களின் ஆய்வுக்கு, அரசு கைகொடுக்க வேண்டும் என்று வாதிடுகின்றவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

மேடைகளில் இக்கேள்வி எழுவதில்லை. விஞ்ஞானம் வளர்ந்தால் நாடு வளரும் என்று சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். ஆனால் 2022ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு. எரிபொருள் நிலையங்களில் நாட்கணக்கில் வரிசை. அந்த வரிசையில் இரவைக் கழித்த ஒருவரிடம் போய், நெல்லின் வேரில் உப்பு என்ன செய்கிறது என்று ஐந்து வருடங்கள் ஆராயப் பணம் ஒதுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் அவர் என்ன பதில் சொல்லியிருப்பார்? அவருடைய கோபத்தில் ஒரு நியாயம் இருக்கின்றது. பொதுப் பணம் ஓர் அமானிதம். பசித்தவனின் பங்கை எடுத்து நிச்சயமற்ற ஒன்றில் போடுவதற்கு வலுவான காரணம் வேண்டும்.

இலங்கை ஆய்வுக்கும் அபிவிருத்திக்கும் செலவிட்டு வந்திருப்பது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 சதவீதம். நூறு ரூபா உழைக்கும் வீட்டில் பத்துச் சதம். தென்கொரியா 4 சதவீதத்துக்கு மேல் செலவிடுகின்றது. நம்முடையது போதாது என்று சொல்வது இலேசு. கூட்டுவதானால் யாருடைய பங்கிலிருந்து எடுத்துக் கூட்டுவது என்பதுதான் கடினமான பகுதி.

இந்தக் கேள்வியை நாம் கேட்கும் விதத்திலேயே ஒரு பிசகு இருப்பதாக எனக்குப் படுகின்றது. ஆய்வைச் செய்வதா விடுவதா என்று கேட்கின்றோம். அது நமது விருப்பத்தில் இருப்பது போலக் கேட்கின்றோம். உண்மையில் பரிசோதனை ஒவ்வொரு போகத்திலும் நடந்துகொண்டுதான் இருக்கின்றது. அரசு செய்யாத இடத்தில் அதை ஏழை செய்கிறான்.

களப்பு ஓரமாக வயற்காணி வைத்திருப்பவர்களை விசாரித்துப் பாருங்கள். மழை பொய்த்த வருடத்தில் மண்ணில் உவர் ஏறிவிடும். பயிர் மஞ்சளித்து நுனி கருகி நிற்கும். பக்கத்து ஊரில் நன்றாக விளைந்தது என்று கேள்விப்பட்டு ஒருவர் புதிய விதைநெல் வாங்கி வந்து முழுக் காணியிலும் விதைக்கின்றார். மனைவியின் காப்பு அடகில் இருக்கின்றது. உரத்துக்கும் எண்ணெய்க்கும் கடைக்காரரிடம் கடன். அறுவடையின் போதுதான் அந்த இனம் அந்த மண்ணுக்குச் சரிவராது என்பது தெரியவருகின்றது.

இதற்கு என்ன பெயர்? இதுவும் பரிசோதனைதான். ஆய்வு நிலையத்தில் நடந்திருந்தால், இந்த இனம் இந்த உவரைத் தாங்கவில்லை என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதி வைத்திருப்பார்கள். இங்கே எழுதுவார் யாருமில்லை. காப்பு மூழ்கிப் போவதோடு கதை முடிகின்றது. அடுத்த போகத்தில் இரண்டு வாய்க்காலுக்கு அப்பால் இன்னொருவர் அதே நெல்லை அதே மாதிரியான மண்ணில் விதைக்கின்றார். அதே பாடத்தை அதே விலை கொடுத்து மறுபடியும் வாங்குகின்றார்.

ஆகவே நம்முன் உள்ள கேள்வி, பரிசோதனைக்குச் செலவிடலாமா என்பதல்ல. நடந்தே தீரும் பரிசோதனையின் செலவை யார் சுமப்பது என்பதுதான். தாங்கக்கூடிய பலரிடம் அதைப் பிரித்துக் கொடுப்பதா? தாங்க முடியாத ஒருவனின் தலையில் வைப்பதா? இப்படிக் கேட்டால், வரிசையில் நின்ற அந்த மனிதரும் நின்று யோசிப்பார். அவரும் ஒருவேளை களப்பு ஓரத்தில் காணி வைத்திருப்பவர்தான்.

அரசு அந்தச் சுமையைத் தூக்கிய வரலாறு நம் நாட்டிலேயே உண்டு. விவசாயத் திணைக்களம் 1912இல் தோன்றியது. குருநாகல் மாவட்டத்தின் பத்தலகொடையில் 1952இல் நெல் இனவிருத்தி நிலையம் அமைந்தது. உள்நாட்டு நெல்லினம் ஒன்றையும் இந்தோனேசிய இனம் ஒன்றையும் கலந்து உருவாக்கிய எச்-4 என்ற நெல் 1958இல் விவசாயிகளின் கைக்கு வந்தது. சுதந்திரம் கிடைத்த காலத்தில் ஹெக்டேயருக்கு ஒன்றரைத் தொன்னுக்கும் குறைவாக இருந்த சராசரி விளைச்சல், 2020 அளவில் நான்கு தொன்னைத் தாண்டியிருந்தது. இதில் உரத்துக்கும் நீர்ப்பாசனத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் விதை மாறியிராவிட்டால் அவையிரண்டும் இவ்வளவு பலன் தந்திரா. எச்-4 என்ற ஒரு பெயருக்குப் பின்னால், சரிவராமல் கழிக்கப்பட்ட எத்தனையோ கலப்புகள் கிடக்கின்றன. அந்தத் தோல்விகளுக்கெல்லாம் செலவு செய்தது அரசாங்கம். எந்தக் குடும்பத்தின் காப்பும் அதில் மூழ்கவில்லை.

நமது நெல்லினங்களின் பெயர்களையே எடுத்துக்கொள்வோம். பீ.ஜீ. என்று தொடங்குபவை பத்தலகொடையில் பிறந்தவை. பீ.டபிள்யூ. என்பவை களுத்துறை மாவட்டத்துப் பொம்புவலையில் பிறந்தவை. ஏ.ரீ. என்பவை அம்பலாந்தோட்டையில், எல்.டீ. என்பவை காலிப் பக்கத்து லபுதுவையில் பிறந்தவை. கமநல சேவை நிலையத்தில் வரிசையில் நிற்கும் விவசாயி இந்த எழுத்துகளைத் தினமும் உச்சரிக்கின்றார். அவை ஊர்களின் முதலெழுத்துகள் என்பதை நாம்தான் கவனிப்பதில்லை.

ஏன் இத்தனை ஊர்கள்? எல்லாவற்றையும் பேராதனையிலோ கொழும்பிலோ வைத்துச் செய்தால் செலவு குறையுமே? காரணம் மண்ணில் இருக்கின்றது. பொம்புவலைப் பக்கத்துச் சதுப்பு வயல்களில் இரும்பு நஞ்சாகிப் பயிரைக் கெடுக்கும். அதைத் தாங்கும் இனத்தை அந்தச் சேற்றில்தான் தெரிந்தெடுக்க முடியும். அம்பலாந்தோட்டை தென்கரையின் வரண்ட பிரதேசம். உவரைத் தாங்கும் ஏ.ரீ. 354 என்ற நெல் அங்கிருந்துதான் 1992இல் வந்தது. ஒரு சாக்கு மண்ணைத் தலைநகருக்குக் கொண்டு போகலாம். அந்த மண்ணின் மழையையும், கடற்காற்றையும், வாய்க்காலையும் கொண்டு போக முடியாது. கேள்வி எந்த இடத்தில் இருக்கின்றதோ அந்த இடத்திலேயே விடையையும் தேட வேண்டியிருக்கின்றது.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு. திறமையும் பணமும் கொஞ்சமாக இருக்கும்போது அவற்றைப் பத்து இடங்களில் தெளித்தால் பத்தும் காய்ந்துபோகும், ஓரிடத்தில் ஊற்றினால் ஒரு மரமாவது நிமிரும் என்பார்கள். அதை நான் அலட்சியம் செய்யவில்லை. நுண்ணிய கருவிகளும், பல துறை அறிஞர்கள் கூடியிருந்து செய்யும் வேலையும் ஓரிடத்தில் இருப்பதே நல்லது. ஆனால் மரம் நிமிர்ந்த இடத்தில் உள்ளவர்கள் தங்கள் கண்ணில் படுவதைத்தான் ஆராய்வார்கள். அது அவர்களது கெட்ட எண்ணமல்ல, மனித இயல்பு. வடமத்திய மாகாணத்தில் விவசாயிகளிடையே காரணம் தெரியாத சிறுநீரக நோய் 1990களில் அவதானிக்கப்பட்டது. நிலத்தடி நீரின் கடினத்தன்மை, புளோரைட், விவசாய இரசாயனங்கள், வெயிலில் உடல் நீரிழப்பு என்று பலதும் சந்தேகிக்கப்பட்டு, முடிவான விடை இல்லாமலேயே கால்நூற்றாண்டு கடந்துவிட்டது. நோய் சிக்கலானதுதான். ஆனாலும் அதே நோய் தலைநகரின் வசதியான வீதிகளில் தோன்றியிருந்தால் இவ்வளவு ஆறுதலாகத் தேடியிருப்பார்களா என்று ஒரு கிராமத்தான் கேட்பதைத் தவறென்று சொல்ல முடியாது.

பணமில்லாத காலத்தில் இதெல்லாம் எப்படி என்பவர்களுக்கு அமெரிக்காவின் ஓர் உதாரணத்தைச் சொல்லலாம். உள்நாட்டு யுத்தம் உக்கிரமாக நடந்துகொண்டிருந்த 1862இல், விவசாயமும் தொழில்நுட்பமும் கற்பிக்கும் கல்லூரிகளை மாநிலங்கள் தோறும் அமைப்பதற்கு நிலம் வழங்கும் சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்டார். 1887இல் வந்த மற்றொரு சட்டம், ஒவ்வொரு மாநிலத்திலும் விவசாயப் பரிசோதனை நிலையம் நடத்த வருடாந்தம் 15,000 டொலர் வழங்கியது. நாடு பணக்கார நாடான பிறகு அவர்கள் இதைச் செய்யவில்லை. ஆனால் கதையின் மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். அப்படி வழங்கப்பட்ட நிலம் பூர்வீகக் குடிகளிடமிருந்து பறிக்கப்பட்டது. கறுப்பின மக்களுக்கும் இக்கல்வியில் இடமளிக்குமாறு சட்டம் நிபந்தனை விதிக்க 1890 வரை செல்ல வேண்டியிருந்தது. பிரதேசத்துக்கு என்று ஒதுக்கப்படும் பணமும் அந்தப் பிரதேசத்தின் பலமுள்ளவர்களிடமே போய்ச் சேரலாம் என்ற எச்சரிக்கை இதில் இருக்கின்றது. மாகாணத்தின் பேரால் வரும் உதவி போடியாரின் வாசலோடு நின்றுவிட்டால், தலைநகரைக் குறை சொல்ல நமக்கு வாயிராது.

உதவி என்ற பெயரில் என்ன வருகின்றது என்பதையும் பார்க்க வேண்டும். விஞ்ஞான தொழில்நுட்ப அமைச்சு பிரதேச செயலகப் பிரிவுகள் தோறும் விதாதா வள நிலையங்களை அமைத்தது. கிராமத்துச் சிறு முயற்சியாளர்களுக்குத் தொழில்நுட்பத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் நோக்கம். உணவு பதனிடல் போன்றவற்றில் பயிற்சி பெற்றுச் சொந்தக் காலில் நிற்கும் பெண்கள் இருக்கின்றார்கள். அது பெரிய காரியம். ஆயினும் அந்தப் பாதை பெரும்பாலும் ஒருவழிப் பாதை. ஆய்வுகூடத்தில் கண்டுபிடித்தது கிராமத்துக்கு வருகின்றது. கிராமத்தில் எழுந்த கேள்வி ஆய்வுகூடத்துக்குப் போவதற்குப் பாதை இல்லை. வாங்குபவனாக மட்டும் இருக்கும் வரை ஒரு பிரதேசத்துக்குச் சொந்தமாக ஒரு விஞ்ஞானம் உண்டென்று சொல்ல முடியாது.

இந்த மனப்பாங்கு எங்கே தொடங்குகின்றது என்பதை என் தொழிலில் காண்கின்றேன். கிராமத்துப் பாடசாலைகளில் விஞ்ஞானக் கருவிகள் வருகின்றன. வந்தவுடன் இன்வென்டரிப் புத்தகத்தில் ஏறுகின்றன. வருட முடிவில் எண்ணிக் காட்ட வேண்டும். ஒரு முகவை உடைந்தால் எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும். கூடவே ஒரு சந்தேகப் பார்வையையும் தாங்க வேண்டும். ஆகவே கருவிகள் அலுமாரிக்குள் பத்திரமாக இருக்கின்றன. ஆசிரியர் கரும்பலகையில் முகவையை வரைகின்றார். பிள்ளைகள் அதைப் பார்த்துக் கொப்பியில் வரைகின்றார்கள். கணக்குப் பரிசோதகர்கள் வந்து எல்லாம் சரியாக இருக்கின்றன என்று ஒப்பமிடுகின்றார்கள். உடைந்த முகவைக்குக் கணக்குக் கேட்கும் நமது முறை, ஒரு பிள்ளை கூடத் தொடாத முகவைக்குக் கணக்குக் கேட்பதில்லை. களவைத் தடுக்கக் கணக்கு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் களவையும் தோல்வியையும் ஒரே குற்றமாகப் பார்க்கும் இடத்தில் எவரும் எதையும் முயன்று பார்க்க மாட்டார்.

சிறிய தோல்விக்கு இவ்வளவு பயந்த அரசுதான் 2021இல் மிகப் பெரிய பரிசோதனையொன்றைச் செய்தது. அவ்வாண்டு மே மாதம் இரசாயன உரத்தின் இறக்குமதி ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டது. விவசாய விஞ்ஞானிகள் பலர் எச்சரித்தார்கள். பத்தலகொடையிலும் பொம்புவலையிலும் அம்பலாந்தோட்டையிலும் சில போகங்கள் செய்து பார்த்து, எந்த மண்ணில் எவ்வளவு குறைக்கலாம் என்று அறிந்து மெல்ல நகர்ந்திருக்கலாம். அதற்கான நிலையங்கள் இருந்தன. கேட்பதற்குத்தான் ஆளில்லை. நவம்பரில் தடை நீக்கப்பட்டது. அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது. விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. சேதனப் பசளை நல்லதா கெட்டதா என்பது இங்கு என் விவாதமல்ல. ஒரு நிலையத்தின் காலேக்கரில் நடந்திருக்க வேண்டிய பரிசோதனை முழு நாட்டின் வயல்களிலும் நடந்தது. செலவை விவசாயியும், அரிசி வாங்கிச் சாப்பிடுபவனும் சுமந்தார்கள். சிறிய தோல்விகளுக்குப் பணம் ஒதுக்க மறுக்கும் நாடு பெரிய தோல்வியைக் கடனுக்கு வாங்குகின்றது.

ஆகவே ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு என் பதில், செலவிடலாம் என்பதே. செலவிடாமல் இருப்பதுதான் அமானித மோசடி என்றும் சொல்வேன். ஆனால் நிபந்தனைகள் உண்டு. முதலாவது, பரிசோதனை சிறியதாக இருக்க வேண்டும். தவறினால் ஒரு பாத்தி போகட்டும், ஒரு போகம் போகக்கூடாது. இரண்டாவது, தன் காணியில் பரிசோதிக்க இடம் கொடுக்கும் விவசாயிக்கு நட்டம் வந்தால் அதை அரசு ஈடுசெய்ய வேண்டும். மூன்றாவது, வெற்றியைப் போலவே தோல்வியும் எழுதப்பட வேண்டும். அந்த ஊர் மக்களின் மொழியில், அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மறைக்கப்பட்ட தோல்வி மட்டுமே உண்மையில் விரயம்.

மூன்றாவது நிபந்தனை அரசை மட்டும் சேர்ந்ததல்ல. எழுதத் தெரிந்த நம்மையும் சேர்ந்தது. கவிதையிலும் கதையிலும் நமது மண்ணின் மணத்தை நிறையவே எழுதியிருக்கின்றோம். அந்த மண்ணில் எந்த வருடம் உவர் எதுவரை ஏறியது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. நீரின் மின்கடத்துதிறனை அளக்கும் கைக்கருவி இன்று பெரிய விலையில்லை. ஊரில் பத்துக் கிணறுகளைத் தெரிந்தெடுத்து மாதம் ஒருமுறை அளந்து எழுதுவது பத்தாந் தரத்துப் பிள்ளைகளால் முடிந்த வேலை. பத்து வருடங்கள் விடாமல் எழுதினால், அந்தக் கொப்பி எந்த ஆய்வு நிலையத்தின் கதவையும் தட்டப் போதுமான கேள்வியாக இருக்கும். அதுவரையில், விதைநெல் வாங்கப் போகும் ஒருவர் காப்பை அடகு வைக்கும் முன்னர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டாவது போகலாம்.