கடையை மூடச் சொன்னது யார்?

2020 மே 5 அன்று கோயம்பேடு சந்தைக்குப் பூட்டு விழுந்தது. அங்கிருந்து பல மாவட்டங்களுக்குக் கொரோனா நோய் பரவியது தெரிந்தபின் அரசுக்கு வேறு வழி இருக்கவில்லை. மொத்த வியாபாரிகளுக்குத் திருமழிசையில் தற்காலிக இடம் ஒதுக்கப்பட்டது. சந்தைக்குள்ளே கொத்தமல்லிக் கட்டும் எலுமிச்சைக் கூறும் விற்றுப் பிழைத்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். அவர்களில் பலருக்கு முதல் என்பதே தண்டல் பணம். பத்தாயிரம் என்று நோட்டில் எழுதிவிட்டு, வட்டியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு எட்டாயிரத்து ஐநூறோ ஒன்பதாயிரமோ கையில் தருவார் தண்டல்காரர். நாளுக்கு நூறு ரூபாய், நூறு நாள். சந்தை மூடியிருக்கிறது என்பதெல்லாம் அந்த நோட்டில் ஏறாது.

இப்படிப்பட்ட ஒருவருக்கு அரசு கொஞ்சம் பணம் தருகிறது என்றால், அதை எந்தக் கணக்கில் எழுதுவது? தர்மக் கணக்கிலா, கடன் கணக்கிலா, நஷ்டஈட்டுக் கணக்கிலா? ஏட்டுச் சுரைக்காய் விவகாரம் போலத் தோன்றலாம். ஆனால் எத்தனை படிவம் நிரப்ப வேண்டும், யார் வரிசையில் நிற்கலாம், வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டுமா என்பதெல்லாம் இதற்குச் சொல்லும் பதிலைப் பொறுத்துத்தான் அமைகின்றன.

கேட்டு வருபவர் உண்மையிலேயே இல்லாதவர்தானா என்று சோதிக்கலாமா? மதங்கள் இதை அரசுகளுக்கு வெகுகாலம் முன்பே விவாதித்திருக்கின்றன. பாபிலோனியத் தல்மூதின் பாவா பத்ரா பகுதியில் 3-ஆம் நூற்றாண்டு யூத அறிஞர்கள் இருவர் இதில் முட்டிக்கொள்கிறார்கள். சோறு கேட்பவனை விசாரி, துணி கேட்பவனை விசாரிக்காதே, ஏனென்றால் உடுத்த இல்லாதவன் அவமானப்பட்டு நிற்கிறான் என்கிறார் ராவ் ஹூனா. ராவ் யெஹூதா அதை அப்படியே திருப்பிப் போடுகிறார்: துணிக்கு வேண்டுமானால் விசாரி, பசிக்கிறவனை நிறுத்தி வைத்து விசாரிக்காதே, அவனுக்கு வலி இப்போதே இருக்கிறது. தல்மூது யெஹூதா பக்கமே சாய்கிறது. 4-ஆம் நூற்றாண்டில் அந்தியோக்கியாவில் பிரசங்கம் செய்த யோவான் கிறிசோஸ்தோமும் ஏழையிடம் கணக்குக் கேட்பவர்களைச் சும்மா விடவில்லை. வடலூரில் 1867-இல் வள்ளலார் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் சாதி, மதம், ஊர் எதையும் கேட்காமல்தான் இலை போட்டார்கள், இன்றும் அப்படித்தான்.

ஊரடங்கின்போது தமிழக அரசு பின்பற்றியது ஏறக்குறைய இந்த வழிதான். 2020 ஏப்ரலில் அரிசி அட்டை வைத்திருந்த எல்லோருக்கும் ஆயிரம் ரூபாய். கூட்டம் சேராமலிருக்க நாளும் நேரமும் குறித்த டோக்கன் தரப்பட்டது. 2021 மே மாதம் புதிய அரசு பதவியேற்றதும் நான்காயிரம் ரூபாய் அறிவித்தது. சுமார் 2.07 கோடி அட்டைகள். முதல் தவணை இரண்டாயிரத்துக்கு மட்டும் 4,153 கோடி ரூபாய். கார் வைத்திருப்பவரும் வந்து வாங்கிக்கொண்டு போகிறாரே என்ற முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. ஆனால் கார்க்காரர்களைக் கண்டுபிடித்து வடிகட்ட ஆகும் நாட்களில் மற்றவர் வீட்டு உலை கொதிக்காது. சொல்லப்போனால் இதன் உண்மையான குறை வேறு இடத்தில் இருந்தது. அரிசி அட்டையும் ஒரு சோதனைதான். திருப்பூரிலும் சென்னைக் கட்டடங்களிலும் வேலை பார்த்த பீகார், ஒடிசாக்காரர்களிடம் அந்த அட்டை கிடையாது.

கேட்காமல் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் அமெரிக்காவையும் பார்க்க வேண்டும். சம்பளப் பாதுகாப்புத் திட்டம் என்ற பெயரில் 2020 ஏப்ரல் 3 அன்று அங்கே விண்ணப்பங்கள் தொடங்கின. பொதுவாக 500 பேருக்கு மேல் வேலைக்கு வைக்காத நிறுவனங்களுக்கு 1 சதவீத வட்டியில் கடன். பெரும்பகுதியைச் சம்பளமாகச் செலவழித்தால் கடனே தள்ளுபடி. பொருளாதார நிலை நிச்சயமில்லாததால் பணம் அவசியம் என்று முதலாளி கையெழுத்துப் போட்டால் போதும். முதலில் ஒதுக்கிய 349 பில்லியன் டாலர் 13 நாளில் தீர்ந்தது. சிறு கடைக்காரர்கள் வங்கி இணையதளத்தில் காத்துக்கிடக்க, ஷேக் ஷாக் உணவகச் சங்கிலி 10 மில்லியன் டாலரும் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் கூடைப்பந்து அணி 4.6 மில்லியன் டாலரும் வாங்கியிருந்தது வெளியே வந்தது. ஊர் சிரித்ததும் இரண்டும் திருப்பிக் கொடுத்தன. திருப்பிக் கொடுக்காதவர்கள் ஏராளம். எம்.ஐ.டி. பொருளியலாளர் டேவிட் ஆட்டரும் சக ஆய்வாளர்களும் 2022-இல் வெளியிட்ட கணக்கின்படி, இல்லாவிட்டால் வேலை இழந்திருக்கக்கூடியவர்களின் கைக்குப் போனது 23 முதல் 34 சதவீதம் மட்டுமே.

இதை வைத்து ராவ் யெஹூதா தோற்றுவிட்டார் என்று சொல்ல முடியாது. அவர் பேசியது பசித்தவனைப் பற்றி. வாஷிங்டன் பணத்தைக் கொடுத்ததோ பசித்தவனின் முதலாளியிடம். இடையில் ஒரு கை வந்துவிட்டால், விசாரிக்காமல் கொடுப்பதன் நியாயம் பாதி செத்துவிடுகிறது. ரேஷன் கடை ஜன்னலில் அந்த இடைக்கை இல்லை.

அமெரிக்கத் திட்டத்தில் தேவாலயங்களும் பங்கு பெற்றன. கத்தோலிக்க அமைப்புகள் மட்டும் குறைந்தது 1.4 பில்லியன் டாலர் பெற்றதாக அசோசியேட்டட் பிரஸ் கணக்கிட்டது. மதபோதகர் சம்பளத்துக்குக் குடிமகனிடம் மூன்று பென்ஸ்கூட வசூலிக்கக் கூடாது என்று 1785-இல் வாதாடிய, பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜேம்ஸ் மேடிசனின் நாட்டில் இது நடந்தது.

தமிழ்நாட்டிலும் 2021 ஜூனில், மாதச் சம்பளம் இல்லாத அர்ச்சகர்கள், பட்டாச்சாரியார்கள், பூசாரிகள் உள்ளிட்ட சுமார் 14,000 பேருக்கு நான்காயிரம் ரூபாயும் 10 கிலோ அரிசியும் மளிகைப் பொருட்களும் வழங்கப்பட்டன. இவர்களின் வருமானம் பெரும்பாலும் தட்டில் விழும் காசு. பக்தர் வரக் கூடாது என்று அரசு உத்தரவு போட்ட அன்றே தட்டு காலி. சாஸ்திரம் படித்தவர்களுக்கு இதில் ஒரு தர்மசங்கடம் உண்டு. தானம் வாங்க வாங்க வாங்குபவரின் தேஜஸ் குறையும் என்று மனு ஸ்மிருதி எச்சரிக்கிறது. பேராசைக்கார அரசனிடம் வாங்கவே கூடாது என்கிறது. ஆனால் நடைசாத்தச் சொன்னவரே தந்த நான்காயிரத்தை எப்படித் தானம் என்பது? பொது நன்மைக்காக ஒருவரின் பிழைப்பை நிறுத்தி வைத்தவர், நிறுத்திய நாட்களுக்குப் பொறுப்பேற்கிறார், அவ்வளவே. வாங்குபவர் தலை குனிய அதில் இடமில்லை. எலுமிச்சைக் கூறு விற்றவருக்கும் இதே நியாயம்தான். அவர் திறமைக் குறைவால் நொடித்துப் போகவில்லை; மற்றவர்கள் நோய் இல்லாமல் வீட்டிலிருக்க வேண்டும் என்பதற்காக அவர் கடை மூடப்பட்டது.

உதவி கேட்பவர் தன் தோல்வியைத் தானே நிரூபித்துக் காட்ட வேண்டியிருப்பது ஒரு கொடுமை என்று பிரிட்டிஷ் தத்துவவாதி ஜொனாதன் உல்ஃப் 1998-இல் எழுதினார். வேலை தாராளமாகக் கிடைக்கும் காலத்திலும் எனக்கு வேலை தர ஆளில்லை என்று அதிகாரியை நம்பவைக்க வேண்டும். அதற்கு முன் தன்னையே நம்பவைக்க வேண்டும். ஊரடங்கு அந்தச் சங்கடத்தை ஒரே நாளில் தேவையற்றதாக்கியது. எல்லோருக்கும் ஒரே காரணம், அதுவும் அரசிதழில் வந்த காரணம்.

மத்திய அரசு தான் தந்ததை நஷ்டஈடாகப் பார்க்கவில்லை. அரிசியும் கோதுமையும் இலவசமாக வந்தன, ஜன் தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மூன்று மாதம் ஐநூறு ரூபாய் வந்தது. தொழில் செய்பவர் என்று வந்தபோது கை கடன் பேரேட்டுக்கே போனது. சிறு தொழில்களுக்கு 3 லட்சம் கோடி ரூபாய் வரை உத்தரவாதக் கடன். தள்ளுவண்டிக்காரர்களுக்கு 2020 ஜூனில் ஸ்வநிதி: பத்தாயிரம் ரூபாய், ஓராண்டு, மாதத் தவணை, ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம். தண்டலோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல், மறுப்பதற்கில்லை. ஆனால் மூடிக் கிடந்த நாட்களின் நஷ்டம் யார் தலையில் விழுந்தது என்று பார்த்தால், வண்டிக்காரர் தலையில்தான். அரசு அவருக்குத் தவணை போட்டுக் கொடுத்தது.

ஆக்ராவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த ஒருவர் இந்தக் கேள்வியை உச்ச நீதிமன்றத்துக்கே கொண்டுபோனார். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணை கட்ட வேண்டாம் என்றது ரிசர்வ் வங்கி. வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, அந்த வட்டிக்கும் வட்டி. கடையைத் திறக்கவிடாமல் வட்டியை மட்டும் ஓடவிடுவது என்ன நியாயம் என்பதே அவர் வழக்கு. 2021 மார்ச் 23 அன்று வந்த தீர்ப்பு அவருக்குப் பாதி கொடுத்தது. வட்டிக்கு வட்டி யாருக்கும் கிடையாது, வசூலித்திருந்தால் திருப்பிக் கொடு. ஆனால் வட்டியையே தள்ளுபடி செய்ய முடியாது, ஏனென்றால் வங்கியில் பணம் போட்டு வைத்திருக்கும் ஓய்வூதியக்காரருக்கு வங்கி வட்டி கொடுத்தாக வேண்டும்.

நீதிமன்றம் சொன்னதில் ஒரு நேர்மை இருக்கிறது. ஈடு என்று சொல்லிவிட்டால் மட்டும் பணம் வானத்திலிருந்து விழாது; யாரோ ஒருவர் கொடுக்க வேண்டும். ஆனால் கொடுக்க வேண்டியவர் அந்த ஓய்வூதியக்காரர் ஒருவர்தானா? கௌடில்யர் அர்த்தசாஸ்திரத்தின் நான்காம் அதிகரணத்தில், பஞ்ச காலத்தில் அரசன் விதையும் உணவும் கொடுக்க வேண்டும், கூலிக்குச் சோறு தந்து கோட்டை, நீர்நிலை வேலை நடத்த வேண்டும் என்கிறார். அதே இடத்தில், செல்வந்தரைக் கொஞ்சம் இளைக்க வைக்கலாம் என்றும் கூச்சமில்லாமல் சொல்கிறார்.

2020 டிசம்பரில் அர்ஜென்டினா ஏறக்குறைய அதைச் செய்தது. 20 கோடி பெசோவுக்கு மேல் சொத்துள்ள சுமார் 12,000 பேருக்கு ஒரே ஒரு முறை வரி. வசூலில் 20 சதவீதம் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு என்று சட்டத்திலேயே எழுதப்பட்டது. இது சொத்துப் பறிப்பு என்று சிலர் நீதிமன்றம் போனார்கள். இந்தியாவில் அதற்கு எட்டு மாதம் முன்பே, 2020 ஏப்ரலில், வருமான வரி அதிகாரிகள் சிலர் கோடிக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கு 40 சதவீத வரி போடலாம், அல்லது சொத்து வரியைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று ஒரு யோசனைத் தாள் தயாரித்தார்கள். அது வெளியே வந்ததும், யாரைக் கேட்டு எழுதினீர்கள் என்று மூன்று மூத்த அதிகாரிகள் மீது குற்றப்பத்திரிகை கொடுக்கப்பட்டது.