வடிகட்டிய நீரும் வழிந்தோடும் நீரும்



நீரைத் துணியால் வடிகட்டிப் பருகுதல் நம் குலத்தின் அடையாளம். இரவுணவு ஒழித்தலைப் போலவே இதனையும் அன்னையரிடம் கற்றோம். ஆயினும், வடிகட்டியபின் செய்ய வேண்டியதைப் பலர் மறந்தோம். துணியில் தங்கிய சிற்றுயிர்களை, வடிகட்டிய நீரையே ஊற்றி அலசி, எடுத்த கிணற்றிலேயே மெல்ல விடுதல் வேண்டும். கிணற்று நீரின் உயிரைக் குளத்தில் விடுதலும் ஆகாது என்பது முன்னோர் முறை.

இத்துணை நுட்பமாக நீரை எடுக்கக் கற்ற நாம், அடுக்களையிலும் குளியலறையிலும் பயன்படுத்திய நீரை எங்கே விடுகிறோம்?

துறவியர்க்குரிய ஐந்து சமிதிகளில் இறுதியானது உத்சர்க்க சமிதி. மலசலம் கழிக்குமுன் அவ்விடத்தில் புழு பூச்சி உண்டோ, பசும்புல் உண்டோ என்று நோக்கி, உயிரற்ற வறண்ட நிலத்திலேயே முனிவர் கழிப்பர். கழிவை எங்கே விடுவது என்பதையே ஒரு தனி ஒழுக்கமாக வகுத்த சமயம் நம்முடையது. இல்லறத்தார்க்கு அக்கடுமை இல்லை. அதற்காகப் பொறுப்பே இல்லை என்றாகிவிடுமா?

ஜின காஞ்சியாகிய திருப்பருத்திக்குன்றம் வேகவதிக் கரையில் அமைந்தது. திரைலோக்கியநாதரைத் தொழச் செல்வோர் அவ்வாற்றையும் காண்க. நகரின் சாக்கடை கலந்து அது நலிந்தது. அந்நீரே திருமுக்கூடலில் செய்யாற்றோடு சேர்ந்து பாலாற்றில் கலக்கிறது. கழிவு மிகுந்தால் அதனைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பெருகி, நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை உண்டுவிடும். மீனும் நத்தையும் மூச்சின்றி மாளும். கரையில் நின்று தூண்டில் போடாத நாமும் அக்கொலையில் பங்குடையோம்.

“சுத்திகரிப்பிலும் நுண்ணுயிர்கள் மடிகின்றனவே, அது இம்சை அன்றோ?” என்று அன்பர் ஒருவர் வினவினார். நேர்மையான வினா. இல்வாழ்வில் ஆரம்ப இம்சையை முற்றும் விலக்க இயலாது, குறைக்க இயலும். கழிவை ஆற்றில் விடுவதால் அந்நுண்ணுயிர்கள் பிழைத்துவிடப் போவதுமில்லை; அவற்றோடு ஆற்றுயிர்களும் மாளும்.

இன்னொன்றையும் கூறியாக வேண்டும். நச்சுத்தொட்டியில் மனிதரை இறக்கும் கொடுமை 2013ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டும், அதில் மூச்சடைத்து இறந்தோர் செய்தி நின்றபாடில்லை. எறும்புக்கு வழிவிடும் வீட்டார், மனமுள்ள ஐம்பொறி உயிரைக் குழிக்குள் இறக்குவது எவ்வாறு தகும்? இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை இயந்திர வண்டியால் தொட்டியை வெறுமையாக்க வேண்டும். அவ்வண்டி எங்கே கொட்டுகிறது என்று கேட்பதும் நம் கடன். ஓடையில் கொட்டினால் உரிய காசைக் கொடுத்துப் பாவத்தை வாங்கியவராவோம்.

சிற்றூரால் இயலாது என்பாரும் உளர். மதுராந்தகத்தை அடுத்த கருங்குழிப் பேரூராட்சியில் 2017இல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் அமைந்தது. அங்கே கசடு உலர்படுகைகளில் காய்கிறது. பிரிந்த நீர் தனியே தூய்மை செய்யப்படுகிறது. கருங்குழி பெருநகரமன்று.

நம் வீட்டுக் குளியல் நீரும் பல்லாண்டு தெருக் கால்வாயில்தான் சென்றது. ஊருக்கு உரைத்த பின்னரே நமக்கு நாணம் வந்தது. இப்போது கிணற்றினின்று தொலைவாகக் குழி வெட்டி, உடைகல்லும் சரளையும் இட்டு, அந்நீரை மண்ணுக்கு விடுகிறோம். சோற்றுப்பருக்கையும் எண்ணெயும் குழியை அடைத்துவிடுவதால், அடுக்களை நீர் மட்டும் முதலில் ஒரு சிறு தொட்டியில் தேங்கித் தெளிந்து, பின் வாழைக்குப் பாய்கிறது. அத்தொட்டியை வாரந்தோறும் அள்ளுவது நம் கையாலேயே.