தெரிந்தவன் கை, தெரியாதவன் உயிர்

வலங்கைமான் மாரியம்மன் கோயிலில் பங்குனித் திங்களில் பாடைக் காவடி எடுக்கிறார்கள். நோயினின்று மீண்டவர், நேர்ந்துகொண்டபடி, உயிருடன் பாடையில் படுத்து வருகிறார். அங்கே பாடை, பிழைத்தமைக்கு அடையாளம். பிழைத்திருக்க வேண்டியவரைப் பாடையில் ஏற்றும் பொருள் வேறொன்று உண்டு. எந்த ஊரின் விழாப் பந்தலிலும் அது தொங்கக் காண்கிறோம். இரண்டு ஒயர்களை முறுக்கி, மேலே நெகிழித் தாளைச் சுற்றி, இரும்புக் காலோடு சேர்த்துக் கட்டிய மின் இணைப்பு! "ஏனப்பா இப்படி?" என்று கேட்டால், "இரண்டு நாளைக்குத்தானே சார்!" என்று விடை வருகிறது.

இரண்டு நாள் என்பது விளக்குக்கு, இறந்தவனுக்கு? உயிர் பறிக்க மின்சாரத்துக்குச் சில நொடிகளே மிகுதி. எனவே நாம் கேட்கிறோம்: கொல்லும் எண்ணம் இல்லாதவன், தன் செயலால் ஒருவன் மாண்டால், குற்றமற்றவன் ஆவானா?

ஆகான். ஒட்டுப் போட்டவனுக்கு ஒட்டு எங்கே இருக்கிறதென்று தெரியும். அவன் விலகி நடப்பான். தன் பிள்ளையையும் எச்சரிப்பான். அதைத் தொடுபவர் யார்? ஐஸ் வாங்க ஓடிவரும் சிறுவன். மழைக்கு ஒதுங்கும் மூதாட்டி. மிச்சம் ஒருவனுக்கு, மரணம் இன்னொருவனுக்கு! எண்ணிக் கொல்லவில்லைதான், ஆனால், பிறர் உயிரை எண்ணவே இல்லையே! அதுவே குற்றம்.

"பியூஸ் இருக்கிறதே" என்பர். பெட்டியைத் திறந்தால், எரிந்துபோன மெல்லிய கம்பிக்குப் பதிலாகத் தடித்த செம்புக் கம்பி! சரியான பியூஸே ஆயினும், அது ஒயர் சூடேறித் தீப்பற்றாமல் காக்க வந்தது. 5 ஆம்பியர் பியூஸ் அசையுமுன்னே, ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு மனிதனை மாய்த்துவிடும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே, நொடியின் சிறு பகுதிக்குள் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. கருவி கடையில் கிடைக்கிறது. வண்ண விளக்குக்கு வசூல் செய்யும் குழுக்களில் எத்தனை, இதற்கென ஒரு ரூபாய் ஒதுக்குகின்றன?

தெருவை விட்டு வயலுக்கு வாருங்கள். எலியையும் பன்றியையும் விரட்ட வரப்பிலே கம்பி கட்டி, திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சுவோர் உண்டு. அக்கம்பி, எலி எது, களையெடுக்க வரும் பெண் யார் என்று பகுத்தறியுமா? 2023 மார்ச்சில், தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, இத்தகைய வேலியில் மூன்று யானைகள் மாண்டன. யானைக்கே அக்கதி என்றால், ஈரச் சேற்றில் வெறுங்காலோடு நிற்கும் உழவுத் தொழிலாளிக்கு?

இத்தனைக்குப் பிறகும், "விதி" என்று ஒரு சொல் வந்து நிற்கிறது. 2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சையை அடுத்த களிமேட்டில், அப்பர் விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் மாண்டனர். சிறுவர்களும் அவர்களுள் அடக்கம். அங்கிருந்தது ஒட்டுப் போட்ட ஒயரன்று. மேலே செல்லும் நிலையான கம்பி. ஆனால் பாடம் ஒன்றே. கம்பியின் உயரம் அளந்தறியக் கூடியது. தேரின் உயரமும் அளந்தறியக் கூடியது. சில மணி நேரம் மின்சாரத்தை நிறுத்தவும் கூடும். அளக்கக் கூடியதை அளக்காமல் விட்டுவிட்டு, விதியின்மேல் பழி போடுவது அறமாகுமா?

"ஏழை என்ன செய்வான்?" என்பது நேர்மையான கேள்வி. குடிசைக்கு இணைப்புக் கிடைக்காமல் கொக்கி போடுபவனை மட்டும் குற்றவாளி என்றுரைக்க நாம் துணியோம். அவனைக் காத்திருக்க வைத்தவர்க்கும் அதில் பங்குண்டு. ஆனால், வாடகை வாங்கிக்கொண்டு இற்றுப்போன ஒயரை மாற்றாத வீட்டுக்காரர் ஏழையா? பந்தலுக்குப் பணம் பெறும் ஒப்பந்தக்காரர் ஏழையா? வறுமையின் போர்வையில் வசதியானவர் ஒளிந்துகொள்ள இடந்தரலாகாது.

எனவே, அடுத்த பந்தலுக்குக் கால் நடுமுன் கேளுங்கள்: முறையான இணைப்பு எங்கே? எர்த் எங்கே? துண்டிக்கும் கருவி எங்கே? விடை இல்லையேல், விளக்கே வேண்டாம் என்று சொல்லத் துணியுங்கள். தெரு ஓரிரவு இருண்டு கிடக்கட்டும். ஒரு வீடு என்றென்றைக்கும் இருள வேண்டாம்!