கண்டவர் பட்ட கடன்

மலை செங்குத்தாகக் கடலில் இறங்க, இரண்டுக்கும் இடையே வளைந்து செல்லும் சாலையைப் படத்தில் கண்டு, ஒருமுறையேனும் அவ்வழியே போய்வர விரும்பாதார் அரியர். மொராக்கோவின் வடகரை அத்தகையது. அங்கே தன்ஜா நகருக்குக் கிழக்கே ரீஃப் மலைத்தொடர் மத்தியதரைக் கடலை ஒட்டியே நீள்கிறது. அழகைக் காணப் புறப்படுவது நன்றே. ஆனால், கண்டவர்க்கு அக்காட்சியால் கடமை ஏதும் உண்டாகிறதா? இதுவே நாம் ஈண்டு ஆராயப் புகும் வினா.

அந்தத் தன்ஜாவில் பிறந்த இப்னு பதூதா, 1325-இல் தம் 21-ஆம் வயதில் பயணம் புறப்பட்டார். பின்னாளில் தமிழகத்துக்கும் வந்தார். அவர்தம் பயண நூலில் மலையையும் கடலையும் விஞ்சி நிற்பவர்கள் மனிதர்களே.

நம் பக்கத்துக்கு வருவோம். பிரம்மதேசத்திலிருந்து கிழக்கே சென்றால் மரக்காணம். அங்கிருந்து வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலை. இக்கரையில் மலை இல்லை. மலைபோல் தோன்றுவன உப்பளத்து உப்புக் குவியல்களே. வண்டியை நிறுத்தி அவ்வெண்மையைப் படம் பிடிப்போர் உண்டு. சுடுவெயிலில் அதனை வாரிக் குவித்தவர்களோ படத்தின் ஓரத்தில் சிறு புள்ளிகளாகிவிடுகின்றனர். வடகிழக்குப் பருவமழை பெய்து, கழுவெளி ஏரி நிரம்பிப் பறவைகள் வந்திறங்கும் காலம் காண்போர்க்கு விருந்து. உப்பளத்தில் வேலை நின்று, கூலி அற்றுப்போகும் காலமும் அதுவே! ஒரே மழைதான், ஒருவர்க்குக் காட்சி, மற்றவர்க்குப் பட்டினி.

இதே நாட்டுப் பாதையைப் பழந்தமிழ்ப் புலவர் நத்தத்தனார் சிறுபாணாற்றுப்படையில் காட்டினார். மரக்காணமே அந்நூல் கூறும் எயிற்பட்டினம் என்பது அறிஞர் பலர் கருத்து. திண்டிவனத்தை அடுத்த கிடங்கில் நல்லியக்கோடனின் ஊர். கரையில் சுட்ட மீன், வேலூரில் புளிச்சோறு, ஆமூரில் வெண்சோறும் நண்டும் என, எங்கே எவர் என்ன உணவு தருவர் என்பதையும் அவர் வழியோடு சேர்த்தே உரைத்தார். நிலத்தின் அழகும் அந்நிலத்தாரின் கையும் அவருக்கு வேறு வேறல்ல.

அரபு மொழியில் படிப்பினைக்கு ‘இப்ரத்’ என்று பெயர். கடந்து செல்லுதலைக் குறிக்கும் வேர்ச்சொல்லினின்றே அது பிறந்தது. கண்ட பொருளில் நின்றுவிடாமல், அதைக் கடந்து அதன் உட்பொருளை அடைவதே படிப்பினை. மேலும், ஜகாத் பெறத்தக்க எண்வகையினருள் வழிப்போக்கரையும் மார்க்கம் சேர்த்துள்ளது. ஊரில் செல்வராயினும், வழியில் கைப்பொருள் அற்றுப்போனால் அவர் பிறர் உதவிக்கு உரியவர். பயணி நிலத்தை மேலிருந்து நோக்கும் அரசரல்லர். அந்நிலத்தார்க்கு விருந்தினர் என்பதன்றோ இதன் கருத்து?

“கண்டு களிப்பதும் குற்றமோ?” எனச் சிலர் வினவலாம். அன்று. உண்டு மகிழ்வதும் குற்றமன்று. உண்டபின் இட்டவரை அறியாமற் போவதே பிழை. அந்தக் கடன் பெரிதுமன்று. சாலையோரம் கருவாடு விற்கும் மூதாட்டியிடம் விலையைக் குறைக்காமல் வாங்குதல், உழைப்பவரைக் கேளாமல் படம் எடுக்காதிருத்தல், கழிமுகத்தில் குப்பையை எறியாதிருத்தல், இம்மழைக்கு அவர்கள் அடுப்பு எரிகிறதா என்று வினவுதல். இவ்வளவும் செய்தவர்க்கே, “அவ்வூரைக் கண்டேன்” என்று சொல்லும் உரிமை உண்டு.