மத்தியஸ்தரின் நீதியும் புகழின் குரலும்

நீதி என்பது தவறாமையா, பாரபட்சமின்மையா? உதைபந்தாட்ட மைதானம் இவ்வினாவைத் தெளிவாக எழுப்புகின்றது.

1986ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் காலிறுதியாட்டத்தில் ஆர்ஜென்ரீன வீரர் மரடோனா இங்கிலாந்துக்கு எதிராகக் கையால் தட்டிப் போட்ட கோலைத் துனீசிய மத்தியஸ்தர் அலி பின் நாசர் அங்கீகரித்தார். தீர்ப்புப் பிழையானதே. ஆயினும் அவரது கண் தவறியதேயன்றி, அவர் புகழுக்குப் பணிந்தார் எனக் கூறுவதற்கில்லை. 2006ஆம் ஆண்டு பேர்லின் இறுதியாட்டத்திலோ, எதிரணி வீரரைத் தலையால் முட்டிய பிரெஞ்சு அணித்தலைவர் ஸிடேனை மத்தியஸ்தர் எலிசொண்டோ சிவப்பு அட்டை காட்டி வெளியேற்றினார். அதுவே அம்மாவீரரின் கடைசி ஆட்டம் என்பதை உலகம் அறியும். விதி அதனைப் பொருட்படுத்தவில்லை.

மனிதக் கண்ணின் தவறு மன்னிக்கத்தக்கது. ஆளுக்கேற்ப அளவுகோலை மாற்றுதல் அத்தகையதன்று.

இதற்கான கடுஞ்சோதனை முறையீட்டின்போதே நிகழ்கின்றது. புகழ்பெற்றவர் குரலெழுப்பினால் பல்லாயிரம் பார்வையாளரும் உடன் குரலெழுப்புவர். அறிமுக வீரனுக்கு அப்பலம் இல்லை. 2024ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில், தீர்ப்புக் குறித்து மத்தியஸ்தரை அணுகும் உரிமை அணித்தலைவருக்கே வரையறுக்கப்பட்டது. உரிமை புகழுக்கன்றிப் பொறுப்புக்கு உரியதாயிற்று. அப்பொறுப்புக்கும் எல்லையுண்டு: ஜோர்ஜியாவுடனான ஆட்டத்தில் தண்ட உதை கோரிச் சினந்த போர்த்துக்கல் அணித்தலைவர் ரொனால்டோ மஞ்சள் அட்டை பெற்றார்.

முறையீட்டை முற்றாக மறுக்கும் மத்தியஸ்தர் கொடுங்கோலராவார். உரத்த குரலுக்கு இணங்குபவர் அடிமையாவார். பெயரறியாத வீரன் ஒருவன் இதனையே கேட்டிருப்பின் யாது தீர்ப்பளித்திருப்போம் எனத் தம்மையே வினவுபவர், பிழைவிடினும் நீதிமானே.